அரக்கும் வினைலும்

பழைய இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசும்போது நாம் பாடகர்களை நினைவுகூர்கிறோம். தட்டு எதனால் ஆனது என்று கேட்பதில்லை. ஆயினும் ஒரு பாட்டு எவ்வளவு நேரம் ஒலிக்கலாம் என்பதை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தீர்மானித்தவற்றுள் அப்பொருளும் ஒன்று.

தொடக்ககாலத் தட்டுகளின் பசை அரக்கு. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் அந்தப் பிசின் பெருமளவில் இந்தியாவிலிருந்தே சென்றது. அதனுடன் கற்பொடியும் மிகுதியாகச் சேர்ந்ததால், தட்டு விழுந்தால் உடைந்தது. ஊசி பட்டால் இரைந்தது. அத்தகைய பரப்பில் சால்களை மிக நெருக்கி அமைக்க இயலவில்லை. நிமிடத்துக்கு 78 சுற்று என்ற வேகத்தில் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடங்களில் தீர்ந்தது. நம் வித்வான்கள் கிருதிகளைச் சுருக்கிப் பாடியது இக்கட்டாயத்தால்தான்.

பாலிவினைல் குளோரைடு 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. ஆனால் தனித்த நிலையில் அது விறைப்பானது. இளக்க முயன்றால் வெப்பத்தில் சிதையும். 1926இல் அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமான், எளிதில் ஆவியாகாத திரவங்களைக் கலந்து அதை நெகிழச் செய்தார். எனினும் வெறுமனே கலந்த திரவம் நாளடைவில் கசியக்கூடும்.

மற்றொரு வழியும் இருந்தது. வினைல் குளோரைடு கண்ணிகளின் இடையே வினைல் அசிடேட் கண்ணிகளையும் ஒரே சங்கிலியில் கோப்பது அவ்வழி. இதையே இணைபலபடி என்கிறோம். நூற்றுக்குச் சுமார் 15 பங்கு அசிடேட் போதும். பக்கவாட்டில் துருத்தி நிற்கும் அக்கண்ணிகள் சங்கிலிகளை நெருங்கி அடுங்கவொட்டாமல் விலக்குகின்றன. ஆகவே குறைந்த வெப்பத்திலேயே இளகி, அச்சின் நுண்ணிய வரிகளிலும் அது பாய்கிறது. சங்கிலியோடு பிணைந்திருப்பதால் கசிவதுமில்லை.

1931இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் வினைல் கலந்த நீண்டநேரத் தட்டுகளை வெளியிட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தில் அவை விலைபோகவில்லை. இரண்டாம் உலகப் போரில் அரக்கு வரத்துக் குன்றவே, படைவீரர்களுக்கென 1943இல் தொடங்கிய வி-டிஸ்க் தட்டுகளுக்கு வினைல் பயன்பட்டது. 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நியூயார்க்கில் எல்.பி. தட்டை அறிமுகப்படுத்தியது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. அங்குலத்துக்கு 200க்கும் மேற்பட்ட சால்கள். பக்கத்துக்கு 20 நிமிடங்களுக்கு மேல் இசை.

1955இல் அலி அக்பர் கான் நியூயார்க்கில் சரோத் வாசித்துப் பதிவு செய்த எல்.பி. தட்டில் பக்கத்துக்கு ஒரு ராகம் இடம்பெற்றது. அரக்குத் தந்த நாட்டின் இசைக்கு, அரக்கை விலக்கிய பொருளே தன்னை விரித்துக்கொள்ளும் அவகாசத்தை அளித்தது. இசை வரலாற்றை எழுதுகையில் இந்தச் சங்கிலிக்கும் ஒரு பத்தியேனும் ஒதுக்குவது நம் கடன்.