வெட்டுத்துண்டு

நேர்கோட்டுச் சமன்பாட்டில் சாய்வு என்ற சொல் எளிதில் விளங்கிவிடுகிறது. 'சாய்' என்ற வினையோடு 'வு' சேர்ந்து, ஓய்வு, தேய்வு போலப் பெயரானது. இலங்கைப் பாடநூல்களில் இதுவே படித்திறன். கோடு படிப்படியாக ஏறுவதைச் சொல்லும் அழகான பெயர்.

மாணவர்கள் தடுமாறுவது வெட்டுத்துண்டில்தான். பெயரைக் கேட்டதும் கோடு துண்டாகிறது என்று நினைக்கிறார்கள். வெட்டுவது கோடு, வெட்டுப்படுவது அச்சு. அச்சுகள் சந்திக்கும் ஆதியிலிருந்து அந்த வெட்டு வரை அச்சில் கிடைக்கும் பகுதியே துண்டு. ஆதிக்குக் கீழே வெட்டினால் அதற்குக் குறை எண். 'intercept' என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'இடையில் பிடித்தல்' என்று பொருள். 'துண்டு' என்று நீளத்தையும் காட்டும் தமிழ்ச்சொல் எனக்கு இன்னும் தெளிவாகப்படுகிறது.

(2, 7), (4, 11) வழியே ஒரு கோடு செல்கிறது. கிடையாக 2 நகர்ந்தால் 4 ஏறுகிறது, சாய்வு 2. முதற்புள்ளியிலிருந்து 2 அலகு பின்னால் வந்தால் 4 இறங்கி, செங்குத்து அச்சை 3-இல் வெட்டுகிறோம். அதுதான் வெட்டுத்துண்டு. ஆக, உயரம் = 2 × கிடைத்தொலைவு + 3. செங்குத்துக் கோட்டுக்கு மட்டும் இந்த வடிவம் பொருந்தாது. அதன் சாய்வை வரையறுக்க முடியாது.