வீடு திரும்பாத மனைவி: தோனோ மலைநாட்டுக் கதை ஒன்றின் பாடம் குறித்து

யானகிதா குனியோ 1910இல் வெளியிட்ட ‘தோனோ மோனோகாதாரி’ (தோனோக் கதைகள்) தொகுப்பின் 119 பகுதிகளுள் தொண்ணூற்றொன்பதாவது பகுதி, வடகிழக்கு ஜப்பானை 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை தாக்கிய பின்னர் புதிதாகப் பலரால் எடுத்துப் பேசப்பட்டது. இறந்த மனைவியைக் கடற்கரையில் கண்ட கணவனைப் பற்றிய அச்சிறு பகுதியை, மறைந்தவளை அவள் விரும்பியவனோடு போகவிட்டு எஞ்சியவன் மெல்ல மனம் தேறும் கதையாகக் கொள்ளும் போக்கு அதன்பின் வலுப்பெற்றது. துயருற்றவர்களுக்கு அவ்வாசிப்பு பயன்பட்டிருக்கலாம். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும், கதைப் பாடத்தை வரிசையாகப் பின்தொடர்ந்தால் அதில் ஆறுதலுக்கான இடம் எங்கும் தென்படவில்லை என்பதும், அதில் உள்ள அச்சம் பேயைக் கண்டதால் எழுவதைக் காட்டிலும், ஒரு வீட்டில் தனக்கிருந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று தெரியாமற்போனதால் எழுவது என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பாடம் சொல்வது இவ்வளவே. தோனோப் பள்ளத்தாக்கின் த்சுசிபுசி கிராமத்தில், தலைமுறை தலைமுறையாக மலைத்துறவியராக (யாமபுஷி, அதாவது மலைகளில் நோன்பிருந்து மந்திரச் சடங்குகள் செய்வோர்) விளங்கிய குடும்பம் ஒன்று உண்டு. அக்குடும்பத்து மூத்தவர் கிராமத் துணைத்தலைவர். அவருடைய தம்பி ஃபுகுஜி, மலையைக் கடந்து தனோஹாமா என்னும் கடற்கரையூருக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர். ஏறத்தாழ 22,000 பேரைக் கொண்டுபோன 1896 ஜூன் 15 சான்ரிகு ஆழிப்பேரலையில் மனைவியையும் பிள்ளையையும் இழந்து, பிழைத்த இரண்டு பிள்ளைகளோடு பழைய வீட்டு மனையிலேயே குடிசை போட்டு ஓராண்டு போல இருந்தார். கோடைத் தொடக்கத்து நிலவிரவு ஒன்றில் அவர் மறைவிடத்துக்கு எழுந்து போகிறார். அது குடிசைக்கு வெகுதொலைவில் இருக்கிறது, போகும் வழியும் அலையடிக்கும் கரையோரம். மூடுபனிக்குள்ளிருந்து ஓர் ஆணும் பெண்ணும் நெருங்கி வருகின்றனர். பெண் அவருடைய மனைவியேதான். ஃபுனாகோஷிப் பக்கம் போகும் வழியில் குகையுள்ள முனை வரை பின்தொடர்ந்து சென்று பெயர் சொல்லிக் கூப்பிட, அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். உடன் வந்தவன் அதே ஊரான். அவனும் அலையில் மாண்டவன். ஃபுகுஜி மாப்பிள்ளையாக வருவதற்கு முன் அவளும் அவனும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். இப்போது தான் இவனுக்கு மனைவி என்கிறாள் அவள். பிள்ளைகள்மேல் பாசமில்லையா என்று அவர் கேட்க, அவள் முகம் சற்றே நிறம் மாறி அழுகிறாள். இறந்தவளோடு பேசுகிறோம் என்ற நினைவே வராமல், வேதனையோடு அவர் தம் காலடியைப் பார்த்து நிற்கும் நேரத்துக்குள் இருவரும் விரைந்து நடந்து, கோஉராவுக்குப் போகும் வழியில் மலை மறைவில் திரும்பி மறைகின்றனர். துரத்திப் போனவருக்கு அவர்கள் செத்தவர்கள் என்பது அப்போதுதான் உறைக்கிறது. விடியும்வரை வழியிலேயே நின்று யோசித்துவிட்டுக் காலையில் திரும்புகிறார். அதன்பின் நெடுநாள் நோயில் கிடந்தார் என்று பாடம் முடிகிறது.

ஆறுதல் வாசிப்பு இந்த இறுதி வாக்கியத்தை எவ்வாறு கடந்து செல்கிறது என்பதே முதற் கேள்வி. மனம் தேறியவன் நெடுநாள் நோயில் கிடப்பதில்லை. கதை நிகழும் காலம் முதலாண்டு நினைவு நாளை ஒட்டியது, ஆகவே இது துக்கம் முடிவதன் குறியீடு என்று சொல்லப்படுவதுண்டு. பாடத்தில் ‘ஓராண்டு போல’ என்றும் ‘கோடைத் தொடக்கம்’ என்றும் மட்டுமே இருக்க, சடங்கு எதுவும் குறிப்பிடப்படாத நிலையில் அவ்வாதம் நிற்காது.

அவ்வாசிப்பு கவனிக்காமல் விட்ட சொல் ‘முகோ’ என்பது. மனைவியின் வீட்டுக்கு வந்து அவ்வீட்டின் ஆளாக வாழும் மாப்பிள்ளையை ஜப்பானிய மொழி அச்சொல்லால் சுட்டுகிறது. தமிழ் வாசகர் வீட்டோடு மாப்பிள்ளை என்ற சொல்லின் முழு எடையோடும், அதில் ஒட்டியிருக்கும் இலேசான ஏளனத்தோடும், இதைப் புரிந்துகொள்ளலாம். மேய்ஜி குடிமைச் சட்டத்தின் குடும்பப் பகுதிகள் நடைமுறைக்கு வந்தது 1898இல். கதை நிகழ்ந்த நாளில் இந்த உறவை ஆண்டது ஊர் வழக்கமே. அவ்வழக்கத்தில் வீடு (‘இஎ’ என்று அவர்கள் சொல்வது கட்டடத்தை மட்டுமன்றி, முன்னோர், பெயர், நிலம், வழிவருவோர் யாவும் சேர்ந்த தொடர்ச்சியை) மனைவியின் வழியாகவே அவனுக்கு வந்து சேர்கிறது. அவள் இருக்கும்வரை அவன் அவ்வீட்டுக்கு உரியவன். அவள் இறந்தாலும் அவ்வீட்டின் இறந்தோருள் ஒருத்தியாக, அதன் முன்னோர் மாடத்தில் வைத்துப் போற்றப்படுபவளாக அவள் இருக்கும்வரை உறவு அறுவதில்லை. ஆனால் இறந்த பின்னர் அவள் வேறொருவனுக்கு மனைவியாகிவிட்டால், அழிந்த வீட்டு மனையில் குடிசை போட்டு அமர்ந்திருக்கும் மலையூர்க்காரன் யார்? அந்த மனைக்கும் அவனுக்கும் என்ன தொடர்பு? பொறாமை என்ற ஒற்றைச் சொல்லால் இதை விளக்கிவிடும் உளவியல் விளக்கங்கள் கதையின் பாதியைக் கூடத் தொடுவதில்லை. ஃபுகுஜி அவளிடம் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பது கவனத்திற்குரியது. தன்னை விட்டுப் போனாயே என்று ஒரு கணவன் கேட்கக்கூடிய இடத்தில் அவர் கேட்டது பிள்ளைகளைப் பற்றி, அதாவது வீட்டைப் பற்றி.

எந்தப் பிள்ளைகள் என்பது இன்னும் நுண்ணிய கேள்வி. மொழிபெயர்ப்பாளர்களும் உரையாளர்களும் உயிரோடிருந்த இருவரையே குறித்துப் பன்மையில் எழுதிவிடுவது வழக்கம். மூலத்தில் உள்ள ‘கோதோமோ’ என்ற சொல்லுக்கு ஒருமை பன்மை வேறுபாடு இல்லை. அதற்கு முன்னர், அலையில் போனவர்களைச் சொல்லுமிடத்தில் மனைவியோடு பிள்ளையையும் இழந்ததாகப் பாடம் தெளிவாகச் சொல்கிறது. அந்த இறந்த பிள்ளை எங்கே? மூடுபனிக்குள்ளிருந்து வருவது இருவர் மட்டுமே. தாயும் பிள்ளையும் ஒரே அலையில் போனார்கள், ஆனால் தாய் வேறொருவனோடு நடக்கிறாள், பிள்ளையைக் காணவில்லை. ஃபுகுஜியின் கேள்வி பிழைத்த இருவரையும் இறந்ததையும் சேர்த்தே சுட்டுவதாகக் கொள்வதற்கு இலக்கணம் இடங்கொடுக்கிறது. கதை நிகழ்ச்சி அதை ஏறத்தாழ வற்புறுத்துகிறது. இது உறுதியாக நிறுவக்கூடிய முடிவன்று; எனினும் அவள் முகம் நிறம் மாறுவதற்கும், விடை சொல்லாமல் அழுவதற்கும் இதைவிடப் பொருத்தமான காரணத்தை எதிர்வாசிப்பு தரவில்லை.

தொகுப்பின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை விளங்கும். இருபத்திரண்டாம் பகுதியில், கதைசொல்லியான சசாகி கிசெனின் கொள்ளுப்பாட்டி இறந்து சுற்றத்தார் கூடித் தங்கியிருக்கும் இரவில், அதே கிழவி பின்வாசல் வழியே நடந்து வந்து அடுப்பைக் கடந்து போகிறாள். அவள் உடையின் விளிம்பு உரசியதும் வட்டமான கரிக்கூடை சுழல்கிறது. மிஷிமா யுகியோ இந்தக் கூடை சுழல்வதையே நாவல் கலையின் இலக்கணமாக எடுத்துப் பேசியதால் அப்பகுதி பெரும்புகழ் பெற்றது. மிஷிமாவின் பார்வை எழுத்தாளனின் பார்வை. வீட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் அங்கே முக்கியமானது கூடை சுழல்வதன்று, கிழவி எந்த வழியில் வந்தாள், எங்கே போனாள் என்பதே. அவள் தன் வீட்டுக்கு, தனக்குப் பழகிய பின்வாசலால் வருகிறாள். தன் உறவினர் தூங்கும் அறைப் பக்கம் போகிறாள். இறந்தவர் வீட்டுக்கு வருவது அச்சம் தருவதுதான், எனினும் அது ஒழுங்குக்குட்பட்ட அச்சம். தொண்ணூற்றொன்பதில் பழைய மனையிலேயே குடிசை இருந்தும், பிள்ளைகள் அங்கே உறங்கியும், இறந்தவள் அங்கே வரவில்லை. கரையோரமாக எதிர்த்திசையில் நடந்து போகிறாள்.

அடுத்து வரும் நூறாம் பகுதி இன்னும் தெளிவான சான்று. ஃபுனாகோஷி மீனவன் ஒருவன் கிரிகிரியிலிருந்து நள்ளிரவில் திரும்பும்போது வழியில் தன் மனைவியைக் காண்கிறான். இந்த நேரத்தில் அவள் இங்கே தனியாக வர நியாயமில்லை, இது ஏதோ மாயம் என்று முடிவு செய்து, மீன் அறுக்கும் கத்தியால் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். உடல் மாறவில்லை, கலங்கி வீட்டுக்கு ஓடுகிறான், மனைவி நலமாக இருக்கிறாள், ஆனால் வழியில் யாரோ தன்னைக் கொல்ல வந்ததாகக் கனவு கண்டு விழித்ததாகச் சொல்கிறாள். திரும்பிப் போய்ப் பார்த்தால் செத்துக் கிடந்தது நரி. ஒரே கடற்கரை, ஒரே நள்ளிரவு, மனைவியைப் போன்ற உருவம். யானகிதா இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்தது தற்செயலா என்று தெரியாது. தற்செயலாகவே இருந்தாலும் வேறுபாடு வேறுபாடுதான். அந்தக் கரையில் இத்தகைய சந்திப்புக்கு ‘நரி’ என்ற விளக்கம் எளிதாகக் கைவசம் இருந்தது. நூறாம் பகுதி அதைப் பயன்படுத்தி முடிச்சை அவிழ்க்கிறது. ஃபுகுஜியின் கதையில் யாரும் நரியைக் கூப்பிடவில்லை. கண்டவரும் சொல்லவில்லை, கதையைக் கைமாற்றியவரும் சேர்க்கவில்லை. நூலின் முகப்பிலுள்ள பொருட்பட்டியலும் இதை ‘மாயத்தோற்றம்’ என்ற தலைப்பின்கீழ் வைக்காமல், இருபத்திரண்டாம் பகுதியோடு சேர்த்து ‘ஆவி செல்லும் திசை’ என்ற தலைப்பின்கீழ்தான் வைக்கிறது. அவள் போன திசை என்பதே கதையின் பொருள் என்று தொகுத்தவரே கருதினார் என இதைக் கொள்வது மிகையாகாது. தூக்கக் கலக்கம், துயரத்தால் வந்த மனப்பிரமை என்ற விளக்கங்கள் நிகழ்ச்சியை விளக்கலாம், கதையை விளக்கா.

இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு வேறொன்று. இப்பகுதியின் நுட்பங்களெல்லாம் யானகிதாவின் எழுதுகோலுக்கு உரியவை, மலைமக்களின் வாய்மொழிக்கு உரியவை அல்ல என்று ஒரு சாரார் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். சசாகி கிசென் (1886–1933) தோனோவிலிருந்து படிக்கத் தோக்கியோ வந்த இளைஞர், தாமே கதாசிரியராக விரும்பியவர். அவரை அரசு அதிகாரியான யானகிதாவிடம் அழைத்துச் சென்ற மிசுனோ யோஷூவும் பேய்க்கதைகளில் ஈடுபாடு கொண்ட எழுத்தாளர். அன்றைய தலைநகரில் பேய்க்கதை கேட்பதும் எழுதுவதும் ஒரு மோகமாக இருந்தது. சசாகி பேசியது வட்டாரப் பேச்சு, யானகிதா எழுதியது செவ்வியல் எழுத்து நடை. போதாததற்கு, முன்னுரையில் அவர் ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதியதாகச் சொல்லும் அதே மூச்சில் ‘உணர்ந்தபடியே’ என்ற சொல்லையும் போட்டுவிடுகிறார். கேட்டபடி என்றில்லாமல் உணர்ந்தபடி என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டு, நூல் முழுவதும் ஒரு தலைநகர எழுத்தாளரின் புனைவே என்று முடிவுகட்டுகின்றனர்.

நடை யானகிதாவுடையது என்பதில் ஐயமில்லை. மூடுபனி, நிலவு, முனையிலுள்ள குகை ஆகியவற்றின் அடுக்குமுறையில் அவருடைய கை தெரியவே செய்கிறது. எனினும் நடையைத் தந்தவரே பொருளையும் தந்தார் என்பது தருக்கம் ஆகாது. தலைநகர வாசகரை நடுங்கவைக்க ஒரு காதற்பேய்க் கதையைப் புனைபவர், அதைத் துணைத்தலைவரின் குடும்பம், அவருடைய பாட்டனாரின் நூல்கள், தம்பி எந்த ஊருக்கு மாப்பிள்ளையாகப் போனார் என்ற விவரங்களோடு தொடங்க மாட்டார். மூன்று வாக்கியங்கள் இவற்றுக்கே செலவாகின்றன. இயல்புவாத எழுத்தாளர்களோடு பழகிய யானகிதா மறைவிடத்துக்குப் போகும் வழி போன்ற விவரத்தைத் தாமே சேர்த்திருக்கக்கூடும் என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஊர், வீடு, உறவுமுறை என்று ஆளை இடத்தில் நிறுத்திவிட்டுக் கதைக்குள் போகும் இம்முறை தொகுப்பு முழுவதும் ஓடுவது. மலையூரில் ஒருவர் மற்றொருவரைப் பற்றிப் பேசும் முறையும் அதுவே. பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் தொகுக்கப்பட்ட ‘கொன்ஜாகு’ கதைகள் தம் காலத்திலேயே பழங்கதைகளாக இருந்தன, தம் நூலில் உள்ளவையோ கண்முன் நடப்பவை என்று யானகிதா முன்னுரையில் கூறியது வெற்றுப் பெருமிதமன்று. 1910இல் முதற்பதிப்பாக 350 படிகளே அச்சானபோது, அலை வந்து 14 ஆண்டுகளே ஆகியிருந்தன.

கடற்கரையில் நடந்தது மலைநாட்டுக் கதையானது எவ்வாறு என்பதை ஐந்தாம் பகுதி தற்செயலாக விளக்கிவிடுகிறது. தோனோவிலிருந்து தனோஹாமாவுக்கும் கிரிகிரிக்கும் போகும் பழைய வழி ஃபுவேஃபுகி கணவாய். அவ்வழியே போனவர்களெல்லாம் காட்டில் மலைமனிதனையோ மலைப்பெண்ணையோ எதிர்கொள்ள நேர்ந்ததால் அஞ்சி, போக்குவரத்துக் குறைந்து, இறுதியில் சகாய்கி கணவாய் வழியாக வேறு பாதை திறந்தார்கள். வயாமாவில் குதிரை மாற்றும் இடம் அமைந்தது. இரண்டு ரீக்கு மேல் (ஒரு ரீ என்பது நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு) சுற்று. அச்சத்துக்காகச் சரக்குக் குதிரைகளை ஏழெட்டுக் கிலோமீட்டர் சுற்றவிட்ட ஊர் அது. ஃபுகுஜி மாப்பிள்ளையாகப் போனது அக்கணவாய்களுக்கு அப்பால் உள்ள தனோஹாமாவுக்குத்தான். அவர் கண்டது பற்றிய செய்தி அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மலையைத் தாண்டித்தான். தம்பியின் நோய், தம்பியின் குடிசை, தம்பி இனி எந்த வீட்டுக்காரன் என்பவை துணைத்தலைவரின் வீட்டில் பேசப்பட்டிருக்க வேண்டிய காரியங்கள். கதை அந்த வீட்டின் பெயரோடு தொடங்குவதற்கும், தோனோவில் பிறந்து வளர்ந்த ஒருவரின் வாயில் அது பேய்க்கதையாக நிலைத்ததற்கும் அதுவே காரணமாகலாம். காலையில் ஃபுகுஜி திரும்பினார் என்று மட்டும் பாடம் சொல்கிறது. எங்கே என்று சொல்லவில்லை. பிள்ளைகள் உறங்கிய குடிசைக்கு என்றே மொழிபெயர்ப்பாளர்கள் பொதுவாகக் கொள்கின்றனர், அவர்கள் கொள்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் அந்த வினைச்சொல்லோடு வீடு என்ற சொல் மூலத்தில் இல்லை.