தூத்துக்குடித் துறையில் ஒரு நடை



தூத்துக்குடியில் பனிமய மாதா பேராலயத்திலிருந்து பழைய துறைமுகத்துக்கு நடந்து போனால்தான் அந்த ஊரின் வரலாறு புரியும். எங்களைக் கூட்டிச் சென்ற பெரியவர் தோணித் தொழிலிலேயே வாழ்ந்தவர். கடலைக் காட்டி, "இங்கே ஆழம் கிடையாது சாமி. அந்தக் காலத்தில் கப்பலெல்லாம் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். சரக்கை ஏற்றுவதும் இறக்குவதும் தோணிதான்" என்றார். 1974-இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமான பிறகும், பழைய துறையிலிருந்து தோணிகள் மாலத்தீவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன.

1906-இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய கதையை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம். எதிரே தெரிகிற தீவுகளைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அதற்கும் முந்தியது.

இது முத்துக்குளித்துறை. முத்தின் மேல் எல்லாருக்கும் கண். மூழ்கி எடுத்த பரதவருக்கோ தொல்லைதான் மிச்சம். 1530-களில் அவர்கள் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைத் தேடினார்கள், திருமுழுக்கும் பெற்றார்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காக்க வந்தவர்களே சுமையானார்கள். தூத்துக்குடியில் இருந்த தளபதி கோஸ்மே தெ பாய்வா கரையோர மக்களை வாட்டி வதைத்தார். 1542-இல் வந்த புனித சவேரியார் இதைக் கண்டு மனம் கொதித்தார். இருவருக்கும் ஆகவில்லை.

1544 செப்டம்பரில் வடுகர் படை தூத்துக்குடியைத் தாக்கியது. தளபதியின் வீடும் கப்பலும் எரிந்தன. அவர் தீவுக்குத் தப்பி ஓடினார். உப்புக் கடல் சூழ்ந்த இடத்தில் குடிக்க நீர் வேண்டுமே! செய்தி கேட்ட சவேரியார், புன்னைக்காயலில் இருந்த தம் துணைவர் மான்சிலாசுக்கு உடனே எழுதினார்: படகுகளில் உணவும், முக்கியமாகத் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு விரைந்து போ. ஊர்ப் பட்டங்கட்டிகளுக்கும் ஆள் அனுப்பினார். தாமே போயிருப்பார், தளபதி தம்மை நண்பராக நினைக்கவில்லை என்பதால்தான் போகவில்லை.

அந்தப் படகுகளைத் தள்ள வேண்டியவர்கள் யார்? அதே தளபதியிடம் அடிபட்ட மக்கள்தான். சவேரியார் அவர்களிடம் கேட்டது சின்ன உதவியல்ல.

அதோடு அவர் வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் கொச்சியிலிருந்து மான்சிலாசுக்கு மறுபடி எழுதினார். தளபதி இந்தக் கரையில் அடித்த கொள்ளைகளை எடுத்துச் சொல், வாங்கிய லஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல் என்றார். இல்லையென்றால் அரசருக்கும் ஆளுநருக்கும் தாமே எழுதப்போவதாகவும் தெரிவிக்கச் சொன்னார்.