பவுண்: நிறை பணமாகி, பணம் நிறையான கதை

பதுளைக் கடைவீதியில் நகை வாங்க வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண் கிராம் விலை கேட்பதில்லை. "பவுண் என்ன விலை போகுதுண்ணே?" என்பாள். பக்கத்தில் நிற்கும் சிங்களப் பெண்ணுக்கு அது 'பவும'. தமிழ்நாட்டில் பவுன் என்றும் சவரன் என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

எல்லாம் ஒரே காசின் பெயர்கள்தான். 1817இல் பிரித்தானியா அடித்து வெளியிட்ட 'சொவரின்' என்ற தங்கக் காசுக்கு மதிப்பு ஒரு பவுண்டு. காசின் பெயரைப் பிடித்துக்கொண்டவர்கள் சவரன் என்றார்கள்; மதிப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் பவுண் என்றார்கள். காசின் நிறை 7.988 கிராம், தரம் 22 கரட். கடைக்காரர் இன்று பவுணை 8 கிராம் என்று முழுதாக்கிச் சொல்வது அந்தக் காசை வைத்துத்தான்.

அதற்கு முன் தட்டாருக்கு விதைதான் படிக்கல். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. இந்தக் கழஞ்சே சிங்களத்தில் 'களந்த'. கரட் என்பதும் மத்தியதரைக் கடலோரத்து மரமொன்றின் விதைப் பெயரிலிருந்து வந்ததுதான். வெள்ளைக்காரனும் விதை வைத்தே நிறுத்திருக்கிறான்!

பவுண்டு என்ற சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு 'நிறையில்' என்றே பொருள். ஒரு பவுண்டு நிறை வெள்ளி பணக்கணக்கானது. அந்தப் பணம் தங்கக் காசானது. காசு புழக்கத்திலிருந்து போன பிறகு பெயர் மறுபடி நிறைக்கே திரும்பிவிட்டது. இலங்கை 1872லேயே ரூபாய், சதக் கணக்குக்கு மாறிவிட்டது. நகைக்கடையில் மட்டும் பவுண் அசையவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நிறை பார்க்கும் பவுண்டு தோட்டத்துக்குள் அந்தப் பெயரில் நுழையவேயில்லை. அதற்கு 'ரத்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த றாத்தல் இருந்தது. மடுவத்தில் கொழுந்து நிறுத்தது றாத்தலில். கிலோ வந்த பிறகும் 450 கிராம் பாணுக்கு றாத்தல் என்றே பெயர். ஆங்கிலத்தில் ஒரே சொல். பசறையிலும் அப்புத்தளையிலும் கொழுந்துக்கு ஒன்று, தங்கத்துக்கு வேறொன்று.

பவுண் கணக்கு ஏமாறும் இடம் பழைய நகை. அறுந்த சங்கிலியைப் பத்தர் வெங்காரம் தடவி, பற்றாசு வைத்து, ஊதுகுழலால் ஊதி ஒட்டுகிறார். பற்றாசு சீக்கிரம் உருக வேண்டுமே, அதனால் அதில் செம்பும் வெள்ளியும் கூடுதல். நாலு தடவை ஒட்டுப்போட்ட சங்கிலி தராசில் ஒரு பவுண் நின்றாலும், உருக்கினால் 22 கரட் நிற்காது. அடகு வைக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

2025இல் 22 கரட் பவுண் மூன்று இலட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த ஆண்டு தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஒரு பவுணுக்கு, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழாமல் 222 நாளுக்கு மேல் கொழுந்தெடுக்க வேண்டியிருந்தது. செய்கூலி தனி.