பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போறீங்களா? ஸ்டுடியோ படியேறும் முன் இதைப் படிங்க!

மார்த்தாண்டத்திலிருந்து தேங்காப்பட்டணம் போகிற பாதையில் இருக்கிறது புதுக்கடை. வளைகுடா வேலை, வெளிநாட்டில் நர்ஸ் வேலை, கப்பல் வேலை, மேல்படிப்பு என்று பாஸ்போர்ட் பேச்சு அடிபடாத தெரு இந்தப் பக்கம் குறைவு. 'பாஸ்போர்ட் போடணும்' என்றதும் வீட்டில் வரும் முதல் அறிவுரை, 'போய் எட்டு காப்பி போட்டோ எடுத்து வை' என்பதுதான்.

கொஞ்சம் பொறுங்க. அந்த எட்டும் உங்களுக்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம். தேவைப்படுகிற இடத்தில், அந்த எட்டும் செல்லாமல் போகலாம். இரண்டையும் பார்த்துவிடுவோம்.

போட்டோ தேவையா, இல்லையா?

இந்தியாவில் இருந்துகொண்டு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறீர்கள், உங்களுக்கு 4 வயதுக்கு மேல் ஆகிறது என்றால், பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்குப் போட்டோ கொண்டுபோக வேண்டாம். அங்கே 'ஏ' கவுன்டரில் ஆவணங்களை ஸ்கேன் செய்து, கைரேகை எடுத்து, போட்டோவையும் அவர்களே எடுத்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் வரப்போவது அந்தப் படம்தான்.

கன்னியாகுமரி மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. திருநெல்வேலியில் சேவா கேந்திரம் இருக்கிறது. ஆனால் புதுக்கடையிலிருந்து அது நூறு கிலோமீட்டருக்கு மேல். நாட்டின் எந்த பாஸ்போர்ட் அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்று 2018-லேயே விதி தளர்ந்துவிட்டது. அதனால் பக்கத்தில் இருக்கும் திருவனந்தபுரத்தையும் தேர்வு செய்யலாம். போலீஸ் விசாரணை மட்டும் உங்கள் முகவரியில் நடக்கும்.

அந்தக் கவுன்டருக்குத் தயாராகப் போவதுதான் உங்கள் வேலை. பின்னணி வெள்ளை என்பதால் வெள்ளைச் சட்டை, வெளிர் நிறச் சுடிதார் வேண்டாம். அடர் நிறம் போட்டுக்கோங்க. அதிகாலை பஸ் பிடித்து வியர்த்து வந்திருப்பீர்கள். டோக்கன் கூப்பிடும் முன் முகம் கழுவி, தலை சீவிக்கோங்க. எடுத்த படத்தைத் திரையில் பாருங்கள். கண் மூடியிருந்தால் அங்கேயே, அப்போதே சொல்லிடுங்க. பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 வருஷம் செல்லும். அத்தனை வருஷமும் விமான நிலையத்தில் நீட்டப்போவது அந்த முகத்தைத்தான்.

அப்போ யாருக்குத்தான் தேவை?

* 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுப்பவர்கள். வெள்ளைப் பின்னணியில் 4.5 செ.மீ உயரம், 3.5 செ.மீ அகலம் உள்ள கலர் போட்டோ கொண்டுபோக வேண்டும்.
* வெளிநாட்டில் இருந்தபடி இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட் புதுப்பிப்பவர்கள்.
* விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள்.

வளைகுடாவில் இருக்கும் அண்ணன், மாமா யாராவது இந்த வருஷம் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அடுத்த பகுதியை அவர்களுக்கு அனுப்பி வைங்க.

தூதரகத்தின் புது விதி

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் தரத்தில்தான் போட்டோ இருக்க வேண்டும் என்று வெளிநாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்கள் அறிவித்தன. 2025 செப்டம்பர் 1 முதல் இது நடைமுறை. அதன் சாரம் இது:

* கலர் படம், 630 x 810 பிக்சல். இதுவும் 3.5 x 4.5 செ.மீ-யின் அதே விகிதம்தான். அமெரிக்க விசா பாணி சதுரப் படம் இங்கே ஆகாது.
* தலையும் தோளின் மேல்பகுதியும் தெரிய வேண்டும். படத்தில் 80 முதல் 85 சதவீதம் முகம்.
* வெள்ளைப் பின்னணி. முகத்திலோ பின்னாலோ நிழல் கூடாது. கண்ணில் சிவப்புப் புள்ளி விழக் கூடாது.
* நேர்ப் பார்வை, திறந்த கண், மூடிய வாய். தலை சாயக் கூடாது. முடி கண்ணை மறைக்கக் கூடாது.
* மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும்.
* மத வழக்கப்படி தலையை மூடுவதற்குத் தடையில்லை. ஆனால் தாடையிலிருந்து நெற்றி வரை, இரு பக்க விளிம்போடு முகம் முழுதாகத் தெரிய வேண்டும்.
* கேமரா 1.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஃபில்டரோ, கம்ப்யூட்டர் திருத்தமோ கூடவே கூடாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி?

பாஸ்போர்ட்டில் போட்டோ ஒட்டுவது பரவலானதே முதல் உலகப் போர் காலத்தில்தான். உளவாளிகள் அடுத்தவர் பாஸ்போர்ட்டில் ஊர் சுற்றியதைப் பார்த்துப் பயந்த நாடுகள், படத்தைக் கட்டாயமாக்கின. அப்போது முகத்தை ஒப்பிட்டவர் ஒரு அதிகாரி. இன்று பல விமான நிலையங்களில் அதைச் செய்வது ஒரு மெஷின். இந்தியாவிலும் 2024-ல் சோதனை முறையில் தொடங்கிய சிப் வைத்த இ-பாஸ்போர்ட், 2025 மார்ச்சில் சென்னை அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. அந்தச் சிப்புக்குள் உங்கள் முகமும் இருக்கிறது.

மெஷினுக்கு நீங்கள் அழகா இல்லையா என்பது கவலையே இல்லை. கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம், மூக்கு எங்கே, தாடைக் கோடு எப்படி என்று அது கணக்குப் போடுகிறது. வாயைத் திறந்து சிரித்தால் அந்தக் கணக்கு மாறும். கண்ணாடியில் ஃப்ளாஷ் அடித்தால் கண்ணே காணாமல் போகும். கன்னத்தை மழமழவென்று ஆக்கி நிறத்தை இரண்டு படி ஏற்றினால், அது நீங்களே இல்லை.

ஸ்டுடியோ அண்ணனிடம் சொல்ல வேண்டியது

நம்ம ஊர் ஸ்டுடியோக்காரர்கள் கல்யாண ஆல்பம் பார்த்துப் பழகிய கை. பரு இருந்தால் எடுப்பார்கள், முகத்தை வெளுப்பாக்குவார்கள், சட்டைக்கு மேல் கோட்டே மாட்டிவிடுவார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், ஆனால் போட்டோ திரும்பி வருவதே அதனால்தான். எனவே லைட்டு போடும் முன்பே சொல்லிடுங்க:

"அண்ணே, தூதரகத்துக்குக் கொடுக்கணும். பின்னாடி நீலம் வேண்டாம், வெள்ளை ஸ்க்ரீன் வேணும். டச்-அப் எதுவும் பண்ணாதீங்க. அளவு மூணரைக்கு நாலரை. சாஃப்ட் காப்பியும் வேணும்."

குழந்தைக்கு என்றாலும் விசாவுக்கு என்றாலும் முதல் வரியும் அளவும் மட்டும் மாறும், மற்றது இதேதான்.

சாஃப்ட் காப்பியை வாட்ஸ்அப்பில் வாங்கினால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்க. சாதாரணமாகப் போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். பிக்சல் குறைந்த படத்தை இணையதளம் ஏற்காது.

போனிலேயே எடுக்கலாமா?

தாராளமாக. ஆனால் செல்ஃபி வேண்டாம். கை நீளத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் விழும். பின்கேமராவை வேறொருவர் கையில் கொடுத்து, உங்கள் கண் மட்டத்தில், 1.5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்க. பகல் வெளிச்சம் வரும் ஜன்னலைப் பார்த்து நில்லுங்க. வெள்ளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் வந்துவிட்டால் நிழல் விழாது. பியூட்டி மோட், போர்ட்ரெய்ட் மோட் இரண்டையும் அணைச்சிடுங்க.

பிரின்ட் செலவை மிச்சம் பிடிக்க ஒரு வழி. 4 x 6 இன்ச் தாளில் 3.5 x 4.5 செ.மீ படங்கள் எட்டு சரியாக அடங்கும். அப்படி அடுக்கிக் கொடுத்தால் ஒரே பிரின்ட்தான்.

'பாஸ்போர்ட் போட்டோ இலவசம்' என்று வரும் ஏதோ ஒரு ஆப்பில் முகத்தை ஏற்றுவதற்கு முன் ஒரு தடவை யோசிங்க. பின்னணியை அழித்து வெள்ளை பூசும் ஆப்கள் காதோரத்தையும் முடியையும் சேர்த்தே தின்றுவிடும். அதுவும் ஒரு திருத்தம்தான்.

கைக்குழந்தை என்றால்...

வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைத்து மேலிருந்து எடுங்க. பால் குடித்து, தூங்காமல் விளையாடுகிற நேரம் நல்லது. தாங்கிப் பிடிக்கும் அம்மாவின் கையோ, கிலுகிலுப்பையோ படத்தில் வரக் கூடாது. எடுக்கிறவரின் நிழல் குழந்தை முகத்தில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

விசாவுக்கு வேறு கணக்கு

பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததையே விசாவுக்கும் ஒட்டிவிடலாம் என்று நினைக்காதீங்க. அமெரிக்க விசாவுக்கு 2 இன்ச் சதுரம், கடந்த 6 மாதத்துக்குள் எடுத்தது. 2016 நவம்பரிலிருந்து மூக்குக் கண்ணாடிக்கு அங்கே அனுமதி இல்லை. ஜெர்மனி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்கு 3.5 x 4.5 செ.மீ. அதில் தாடை முதல் உச்சி வரை 32 முதல் 36 மில்லிமீட்டர். ஸ்கேலை வைத்தே அளந்துவிடலாம். மற்ற நாடுகளுக்கு, விண்ணப்பிக்கும் அன்றைக்கு அந்தந்தத் தூதரகத்தின் இணையதளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். ஏஜென்ட் வாய்வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம்.

இணையதளம் என்றதும் ஓர் எச்சரிக்கை. பாஸ்போர்ட் பெயரில் போலித் தளங்கள் இருக்கின்றன. அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். பணம் கட்டும் முன் அதைப் பார்த்துக்கோங்க.

கடையை விட்டு இறங்கும் முன்

வேலைக்கான ஆர்டர் வந்து, சேர வேண்டிய தேதியும் குறித்தாயிற்று. அந்த நேரத்தில் போட்டோ சரியில்லை என்று விண்ணப்பம் திரும்பினால், அடுத்த அப்பாயின்ட்மென்டுக்குள் அந்த வேலையே கை நழுவலாம். அதனால் பணம் கொடுக்கும் முன் ஒரு நிமிஷம் படத்தைப் பாருங்க. இரண்டு கண்ணும் தெளிவா? பின்னால் நிழல் இல்லையா? அளவு சரியா? நிறம் உங்கள் நிறம்தானா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் 'கொஞ்சம் கூடவே அழகா இருக்கேனே' என்று பதில் வந்தால், தயங்காமல் இன்னொன்று எடுக்கச் சொல்லுங்க!