பேரனின் சொற்களை எண்ணத் தொடங்கினேன்

என் பேரனுக்கு இரண்டு வயது முடிந்தபோது அவனிடம் இருந்தவை ஐந்து சொற்கள். "ம்மா", "தா", "பாப்பா", "இல்ல", "கா". அதிலும் "கா" காகத்துக்கும் கோழிக்கும் பொது. மகள் மத்திய கிழக்கில் வேலை செய்வதால் அவன் என்னோடுதான் வளர்கிறான். 2009இல் முள்ளிவாய்க்காலில் பக்கத்தில் செல் விழுந்த நாளிலிருந்து எனக்கு இடது காது கேட்பதில்லை. மற்றவர் சொல்வது சரியாக விளங்காததால் நானும் கதையைக் குறைத்துக்கொண்டேன். கிளிநொச்சியில் பல வருடம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். ஊர்ப் பிள்ளைகளில் கவனித்ததை என் வீட்டுப் பிள்ளையில் கவனிக்கவில்லை.

"ஆம்பிளைப் பிள்ளையள் பிந்தித்தான் கதைப்பினம், ஐஞ்சு வயது மட்டும் பாருங்கோ" என்றார்கள் உறவினர். ஆண் பிள்ளைகள் சற்றுப் பிந்துவது உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் சில மாதங்களே, வருடக்கணக்கில் இல்லை.

கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் ஒரு வேலை தந்தார். "அம்மா, ஒரு கொப்பியில அவன் சொல்லுற சொல்லையும் திகதியையும் எழுதிக்கொண்டு வாங்கோ." எதை எண்ணுவது என்பதுதான் முதல் குழப்பம். சுத்தமான உச்சரிப்புத் தேவையில்லை. ஒரே பொருளுக்கு ஒரே ஒலியை, நாம் சொல்லிக்கொடுக்காமல், தானாக மூன்று நான்கு முறை பயன்படுத்தினால் அது சொல். மாட்டுக்கு "ம்பா" என்றாலும் சொல்தான். நாம் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வதைச் சேர்க்கக்கூடாது. வெளிநாட்டில் பேரப்பிள்ளை வளர்ப்பவர்கள் தமிழ்ச் சொல்லையும் அந்நாட்டு மொழிச் சொல்லையும் கூட்டி எண்ணுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுப் பிந்துவதில்லை. அதற்காகத் தமிழை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும், வீண் இழப்பு.

பொதுவாக ஒரு வயதளவில் பிள்ளை அம்மாவையோ அப்பாவையோ பெயர் வைத்துக் கூப்பிடும், "டாட்டா" காட்டும். 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களாவது இருக்கவேண்டும். இரண்டு வயதில் "தண்ணி தா", "அம்மா வா" என்று இரண்டைச் சேர்க்கும். இரண்டரை வயதில் ஏறத்தாழ 50 சொற்கள். மூன்று வயதில் வெளியாருக்கும் பெரும்பாலும் விளங்கும்படி கதைக்கும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு இரண்டு வயது வரை, பிறக்கவேண்டிய திகதியிலிருந்து வயதைக் கணக்கிடவேண்டும். "பழம்" என்பதைப் "பயம்" என்றால் கவலை வேண்டாம், ழகரமும் றகரமும் பிந்தி வருபவை.

சொல்லை விட முக்கியம் விளங்குதல். 18 மாதப் பிள்ளையிடம் கையால் காட்டாமல், கண்ணால் பார்க்காமல், "செருப்பை எடுத்துக்கொண்டு வா" என்று சொல்லிப் பாருங்கள். நான் எப்போதும் கையை நீட்டித்தான் சொல்வேன், அவனும் கையைப் பார்த்தே எடுத்துவந்தான். எல்லாம் விளங்குகிறது என்று நினைத்திருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்ட அன்று அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காது பார்க்க அனுப்பினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. பட்டாசு வெடித்தால் திடுக்கிடுகிற பிள்ளைக்குக் காது கேட்காதா? அங்கேதான் விளங்கியது. அடிக்கடி தடிமல் வரும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கும். நோவோ காய்ச்சலோ இல்லாமலே தேங்கும். பெரிய சத்தம் கேட்கும், "ச", "த", "க" போன்ற மெல்லிய ஒலிகள் மங்கிவிடும். தண்ணீருக்குள் இருந்து கேட்பது போல. வீட்டில் கைதட்டிப் பார்ப்பது இதைக் காட்டாது. பிறந்தபோது செய்த காதுப் பரிசோதனை சரி என்றாலும் பிறகு இப்படி வரலாம். காதுச் சவ்வின் அசைவை அளக்கும் பரிசோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும், நோகாது. பெரும்பாலும் நீர் மூன்று மாதத்துக்குள் தானாக வற்றும். வற்றாவிட்டால் சவ்வில் சிறு குழாய் வைப்பார்கள். என் பேரனுக்கு வற்றியது.

கதைக்கத் தொடங்கிய பிள்ளை இருந்த சொற்களை இழந்தால், எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். ஒன்றரை வயதிலும் விரலால் சுட்டிக் காட்டாவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாவிட்டால், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் பேச்சுச் சிகிச்சையாளர் உள்ள வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள். தவணை கிடைக்க நாள் எடுக்கலாம், அதனால்தான் சந்தேகம் வந்த அன்றே பதியச் சொல்கிறேன்.

சிகிச்சையாளர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில ஆர் அவனோட கதைக்கிறது?" நான் பதில் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பல வீடுகள் இப்படித்தான், பெரியவர்கள் நினைவுகளோடு இருக்கிறோம், பிள்ளை போனோடு இருக்கிறது. போன் கதைக்கும், ஆனால் பிள்ளை சொன்னதற்குப் பதில் சொல்லாது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. தேங்காய் திருவும்போதும் குளிப்பாட்டும்போதும் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், அவன் "தா" என்றால் "தண்ணி தா" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லுங்கள், பிறகு பத்து எண்ணும் அளவு பேசாமல் பொறுத்திருங்கள் என்றார். அந்தப் பொறுத்திருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கேட்கும் காதை அவன் பக்கம் திருப்பி உட்காரப் பழகினேன்.

இப்போது அவனுக்கு இரண்டு வயதும் ஒன்பது மாதமும். கொப்பியில் 61 சொற்கள். வயதுக்கு இன்னும் சற்றுப் பின்தான். நேற்று எழுதியது "அம்மம்மா, கோழி ஓடுது". மூன்று வயதில் மறுபடி காது பார்க்கத் திகதி தந்திருக்கிறார்கள். அன்றைக்கு என் காதையும் காட்டச் சொன்னார்கள்.