கிருமி போட்ட கணக்கு

கதை எழுதுகிறவர்களுக்கு க்ஷயரோகம் ஒரு காலத்தில் பெரிய ஒத்தாசையாக இருந்தது. கதாநாயகியை எப்படி அப்புறப்படுத்துவது என்று தெரியாமல் ஆசிரியன் விழிக்கும்போது, அவளை லேசாக ஒரு தரம் இருமச் செய்தால் போதும். வெள்ளைக் கைக்குட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி. மற்றதை வாசகர்களே ஊகித்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தேசம், பாஷை வித்தியாசம் இல்லாமல் நாவலாசிரியர்கள் இந்த உபாயத்தைக் கையாண்டிருக்கிறார்கள்.

ஆனால், அந்த நோய் எழுத்தாளர்களிடம் நன்றி காட்டியதாகச் சொல்ல முடியாது. 1948ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்முடைய புதுமைப்பித்தன் நாற்பத்திரண்டு வயதில் திருவனந்தபுரத்தில் க்ஷயத்துக்கு இரையானது அந்த வருஷந்தான். அதே வருஷம் ஸ்காட்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜார்ஜ் ஆர்வெல் அதே நோயோடு படுத்திருந்தார். அவருக்காக, பத்திரிகாசிரியரான நண்பர் டேவிட் ஆஸ்டர் முயற்சி எடுத்து, அமெரிக்காவிலிருந்து ஒரு புது மருந்தைத் தருவித்தார். ஸ்ட்ரெப்டோமைஸின் என்று பெயர். மருந்து ஆர்வெலின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தோல் உரிந்தது, வாயெல்லாம் புண்ணாயிற்று. ஊசியை நிறுத்தும்படி ஆயிற்று. மிச்சமிருந்த மருந்து வேறு நோயாளிகளுக்குப் போயிற்று. 1950 ஜனவரியில் ஆர்வெல் காலமானார்.

ஆயினும், இந்தக் கட்டுரையை எழுதும்படி என்னைத் தூண்டியவர் புதுமைப்பித்தனும் அல்ல, ஆர்வெலும் அல்ல. எங்கள் தெருக்கோடியில் மிஷின் போட்டிருக்கும் தையற்காரர். பல வருஷங்களுக்கு முன் அவருக்குக் காசம் கண்டது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. உடம்பு தேறியது. ராத்திரி ஜுரம் போய்விட்டது. மாத்திரையையும் நிறுத்திவிட்டார். "நல்லாத்தானே இருந்தேன், சார்? நல்லா இருக்கிறவன் எதுக்கு மருந்து சாப்பிடணும்?" என்று பிற்பாடு என்னைக் கேட்டார்.

கேள்வி நியாயமானது. எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளலாம் என்று படிக்கத் தொடங்கியபோதுதான், அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க உலகத்துக்கே பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது என்பதும், அதில் ஒரு பகுதி நம் சென்னையிலேயே நடந்தது என்பதும் தெரிந்தது.

1940களின் ஆரம்பத்தில் பென்ஸிலின் வந்து பெரும் பெயர் வாங்கிவிட்டது. ஆனால் காசக் கிருமி அதைச் சற்றும் லட்சியம் செய்யவில்லை. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்து ரட்கர்ஸ் கலாசாலையில், ஸெல்மன் வாக்ஸ்மன் என்ற பேராசிரியர் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்துவந்தார். புது மழை பெய்ததும் மண் மணக்கிறதே, அந்த மணத்துக்குக் காரணமான நுண்ணுயிர் இனத்தில் அவருக்கு விசேஷ அக்கறை. அவரிடம் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்று இருபத்துமூன்று வயது மாணவர் ஒருவர் இருந்தார். காசக் கிருமியோடு பழகுவது ஆபத்து என்பதால் கட்டிடத்தின் நிலவறையில் அவருக்கு இடம். எருப் போட்ட வயல் மண்ணிலிருந்தும் ஒரு கோழியின் தொண்டையிலிருந்தும் எடுத்த நுண்ணுயிர்களை வளர்த்து, 1943 அக்டோபரில் ஸ்ட்ரெப்டோமைஸினை அவர் பிரித்தெடுத்தார். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போயிற்று. அதற்கு முன்பே ஷாட்ஸ் கோர்ட்டுக்குப் போய், தாமும் சேர்ந்து கண்டுபிடித்தவரே என்பதை ஒப்புக்கொள்ளச் செய்திருந்தார். குரு சிஷ்ய உறவு கோர்ட்டுப் படி ஏறிய அந்தக் கதையை இன்னொரு சமயம் சொல்லுகிறேன்.

இந்த மருந்து கிருமியை எப்படிக் கொல்லுகிறது? கிருமி ஒற்றை உயிரணுவானாலும், அதற்குள்ளும் ஒரு தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது. உடலுக்கு வேண்டிய புரதங்களைச் செய்து தள்ளும் ரைபோஸோம் என்ற நுண்ணிய யந்திரங்கள் ஆயிரக்கணக்கில் அதில் உண்டு. ஸ்ட்ரெப்டோமைஸின் இந்த யந்திரத்தில் போய் ஒட்டிக்கொள்ளுகிறது. யந்திரம் தப்பும் தவறுமாகப் புரதம் செய்யத் தொடங்குகிறது, கிருமி அழிகிறது. நம் உடம்பிலும் ரைபோஸோம் உண்டு. ஆனால் அதன் அமைப்பு வேறு. அந்த வித்தியாசத்தில்தான் நோயாளியின் உயிர் தங்கியிருக்கிறது.

யுத்தம் முடிந்த சமயம் பிரிட்டனுக்கு இந்த மருந்து கொஞ்சந்தான் கிடைத்தது. கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்க வழியில்லை. ஆகவே, ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளிவிவர நிபுணர் ஒரு யோசனை சொன்னார். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை டாக்டர் தீர்மானிக்க வேண்டாம். முன்கூட்டியே குலுக்கிப் போட்ட எண்கள் தீர்மானிக்கட்டும், விடையை உறையில் போட்டு ஒட்டிவிடலாம் என்றார். 1947இல் பரீட்சை தொடங்கியது. மொத்தம் 107 பேர், எல்லோரும் இளம் வயதினர். 55 பேருக்குப் படுக்கையில் ஓய்வும் ஸ்ட்ரெப்டோமைஸினும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஓய்வு மட்டும் எடுத்தவர்களில் 14 பேர் மாண்டார்கள். மருந்து பெற்றவர்களில் மாண்டவர்கள் 4 பேர்தான். 1948இல் இந்த முடிவு வெளியானபோது எவ்வளவு வீடுகளில் நம்பிக்கை பிறந்திருக்கும்!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மருந்து பெற்றவர்கள் முதல் சில மாதங்கள் மளமளவென்று தேறினார்கள். பிறகு பலர் மறுபடி படுத்தார்கள். அவர்கள் சளியிலிருந்த கிருமியை எடுத்துப் பார்த்தால், அது ஸ்ட்ரெப்டோமைஸினில் நீந்தி விளையாடியது. ஐந்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 35 பேர் இறந்திருந்தார்கள். மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்திருந்தார்கள். அவ்வளவு பெரிய வித்தியாசம் கரைந்து இவ்வளவு சிறியதாகிவிட்டது.

கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்று நாம் சாதாரணமாகச் சொல்லுகிறோம். ஏதோ தினம் கொஞ்சம் விஷம் சாப்பிட்டுப் பழகிய ராஜகுமாரன் கதை மாதிரி. அது சரியல்ல. 1952இல் அமெரிக்காவில் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற தம்பதி ஓர் அழகான சோதனை செய்தார்கள். கிருமிகள் புள்ளி புள்ளியாக வளர்ந்திருந்த தட்டின் மேல் ஒரு வெல்வெட் துணியை ஒற்றி எடுத்தார்கள். ரப்பர் முத்திரை குத்துவதுபோல் அதை இன்னொரு தட்டில் ஒற்றினார்கள். இரண்டாவது தட்டில் ஸ்ட்ரெப்டோமைஸின் கலந்திருந்தது. அங்கே எந்த இடத்துக் கிருமி பிழைத்ததோ, முதல் தட்டில் அதே இடத்தில் இருந்த கிருமியை எடுத்து வளர்த்தார்கள். மருந்தைக் கண்ணாலேயே கண்டிராத கூட்டம் அது. அதிலேதான் மருந்துக்கு மசியாதவை இருந்தன. அதாவது, மருந்து கிருமிக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. மசியாத கிருமி முன்பே இருந்தது. மருந்து செய்த காரியமெல்லாம், அதன் பங்காளிகளைக் கொன்று, சொத்து முழுவதையும் அதன் பெயருக்கு எழுதிவைத்ததுதான்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். கிருமி பிளந்து இரண்டாகும்போதெல்லாம் தன் பரம்பரை எழுத்தைப் பிரதி எடுக்கிறது. எடுப்பதில் எங்கேயாவது பிழை வருகிறது. கையெழுத்துப் பிரதியை அச்சகத்துக்குக் கொடுத்துப் பழகிய எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. சுமார் 10 லட்சத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில், ஒரு குறிப்பிட்ட மருந்து ஒட்டிக்கொள்ளும் இடத்திலேயே பிழை விழுந்துவிடுகிறது. பூட்டு மாறிப்போனதால் சாவி நுழைவதில்லை. நோய் முற்றியவரின் நுரையீரல் குழி ஒன்றில் 10 கோடிக் கிருமிகள் இருக்கலாம். அப்படியானால் மருந்து தொடங்குவதற்கு முன்பே அதில் நூறு கிருமிகள் மசியாதவை. ஒற்றை மருந்து கொடுத்தால் மற்றதெல்லாம் அழியும், நோயாளி எழுந்து உட்காருவார், வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அந்த நூறு மட்டும் காலி வீட்டில் சாவகாசமாகக் குடித்தனம் நடத்தும்.

சரி, இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்கும் ஒரே கிருமி தப்ப வேண்டுமானால், ஒரே பிரதியில் அந்த இரண்டு இடங்களிலும் பிழை விழ வேண்டும். 10 லட்சத்தை 10 லட்சத்தால் பெருக்குங்கள். லட்சம் கோடியில் ஒன்று. நுரையீரலில் அவ்வளவு கிருமி கிடையாது. கிருமியின் கணக்கை இப்படி அதே கணக்கால்தான் மடக்க முடிந்தது.

இரண்டாவது மருந்து வருவதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்வீடனில் யொர்கன் லேமன் என்பவர் 1946இலேயே பாஸ் என்ற மருந்தைப் பற்றி எழுதியிருந்தார். கிருமியின் சாப்பாட்டில் கள்ளச் சரக்காகப் புகுந்து ஏமாற்றும் மருந்து அது. ஸ்ட்ரெப்டோமைஸினை மட்டும் பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மசியாத கிருமி தலையெடுத்தது. பாஸையும் சேர்த்துப் பெற்றவர்களில் அது பத்தில் ஒருவருக்குத்தான் என்று 1950இல் பிரிட்டிஷ் டாக்டர்கள் வெளியிட்டார்கள். 1952இல் ஐஸோனையஸிட் வந்து சேர்ந்தது. 1912இலேயே பிராக் நகரத்து ரஸாயன மாணவர்கள் அதைத் தயாரித்திருந்தார்கள். அது இன்ன நோய்க்கு ஆகும் என்று தெரியாமல் நாற்பது வருஷம் உலகம் சும்மா இருந்துவிட்டது.

இனி நாம் சென்னைக்கு வரலாம். காசம் என்றால் மருந்து ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம் என்று அந்நாளில் நினைத்தார்கள். நல்ல காற்று, பால், முட்டை, பூரண ஓய்வு, இத்தனையும் வேண்டும். 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் ஸானடோரியம் கட்டியது அந்த நம்பிக்கையில்தான். இன்றைக்கும் மின்சார ரயிலில் போகிறவர்கள் அந்தப் பெயரில் ஒரு ஸ்டேஷனைத் தாண்டிக்கொண்டுதான் போகிறார்கள். ஆனால், இந்தியாவில் இருந்த நோயாளிகளுக்குக் கட்டில் போட்டால் எத்தனை ஸானடோரியம் கட்டினாலும் காணாது. குடிசையிலேயே வைத்து வைத்தியம் செய்தால் என்ன?

இதைச் சோதிக்க 1956இல் சேத்துப்பட்டில் ஒரு நிலையம் ஏற்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. தலைமை வகித்தவர் வாலஸ் ஃபாக்ஸ். பிரிட்டிஷ் பரீட்சையில் ஐந்து வருஷம் கழித்துச் செத்தவர்களை எண்ணிப் பார்த்தாரே, அந்தக் கூட்டத்தில் ஒருவர். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சேர்த்தார்கள். குலுக்கிப் போட்டு ஒரு பாதியை ஸானடோரியத்துக்கும், ஒரு பாதியை வீட்டுக்கும் அனுப்பினார்கள். எல்லோருக்கும் ஒரு வருஷம் ஐஸோனையஸிட்டும் பாஸும். ஸானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டிலோ ஒரே அறையில் குடும்பம், அரை வயிற்றுக் கஞ்சி, வேலை.

1959இல் முடிவு வெளியாயிற்று. ஸானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் நூற்றுக்கு 86. வீட்டிலிருந்த மனைவி மக்களுக்கு அதிகமாகத் தொற்றிவிடவும் இல்லை. பல தேசங்கள் ஸானடோரியங்களை மூடியதற்கு இந்தச் சென்னைக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால், என் மனத்தில் தைத்தது வேறொன்று. நிலையத்து ஊழியர்கள் முன்னறிவிப்பில்லாமல் வீடுகளுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். மூத்திரத்தைப் பரிசோதித்தார்கள். ஏன்? உடம்பு தேறியதும் மனிதன் மருந்தை நிறுத்திவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும். காசக் கிருமி ஒன்று இரண்டாகச் சுமார் இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சில சமயம் அசையாமல் தூங்கும். தூங்குகிறதை மருந்து சுலபத்தில் தீண்டாது. இருமல் நிற்பது நோய் போனதற்கு அடையாளம் அல்ல. பெரும் கூட்டம் போய்விட்டது என்பதற்குத்தான் அடையாளம். 1960களில் அதே நிலையம், வாரம் இரண்டு தடவை நோயாளியை வரவழைத்து, ஊழியர் கண்முன்னாலேயே மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து வெற்றி கண்டது. கண்முன் மருந்து விழுங்கச் செய்யும் முறை பின்னால் உலகமெங்கும் பரவியது.

எங்கள் தையற்காரருக்கு ஒரு வருஷம் கழித்து இருமல் திரும்பியது. இந்தத் தடவை பழைய மாத்திரை கேட்கவில்லை. ஐஸோனையஸிட்டுக்கும், பிற்காலத்தில் வந்த ரிஃபாம்பிஸினுக்கும், இரண்டுக்குமே கிருமி மசியவில்லை என்றார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷம் வைத்தியம் நடந்தது. மாதக்கணக்கில் தினம் ஒரு ஊசி. அந்த ஊசி காதைக் கெடுக்கும் ஜாதி. உயிர் பிழைத்தார். இடது காது போய்விட்டது. மிஷின் மிதிக்கும்போது யார் கூப்பிட்டாலும் இப்போது அவருக்குக் கேட்பதில்லை; வாடிக்கைக்காரர்கள் எதிரே வந்து நின்று பேசுகிறார்கள்.

இவ்வளவையும் படித்தபின் ஒரு நாள் அவரிடம் போய், அவருடைய பழைய கேள்விக்கு, நூறு கிருமிக் கணக்கைப் பதிலாகச் சொன்னேன். வலது காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டார். சற்று நேரம் பேசாமல் துணியை மடித்தார். பிறகு, "இதை அன்னிக்கே யாராவது இந்த மாதிரி சொல்லியிருந்தா சாப்பிட்டிருப்பேனே, சார்" என்றார்.

மருந்துச் சீட்டில், ஆறு மாதம் என்று எழுதுகிறார்கள். ஏன் ஆறு மாதம் என்று எழுத அதில் இடம் இருப்பதில்லை. ஆகவேதான் இங்கே எழுதினேன்.